பதிவு செய்தது யாருக்குச் சொந்தம்?

என் மேசையின் மீது இப்பொழுது இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, சேற்று நீர் புகுந்து, பின்னர் உலர்த்தி எடுக்கப்பட்ட ஒரு வீடியோ காஸெட். மற்றொன்று, பதிவு வசதியுள்ள டி.டி.எச். பெட்டி ஒன்றிற்கு நான் பணம் கட்டியதற்கான பழைய ரசீது. காஸெட் 1989ஆம் ஆண்டினது. ரசீது 2012ஆம் ஆண்டினது. பழையது பேசுகிறது, புதியது பேச மறுக்கிறது. ஏன் இப்படி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இக்கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். 1984 முதல் 1987 வரை விழுப்புரத்தில் அரசு கலைக் கல்லூரியில் படித்தவன். என் தந்தையார் ரயில்வே ஊழியர். அக்காளை மணம் செய்து கொடுத்த ஊர் திண்டிவனம். ஆகவே இவ்விரண்டு ஊர்களின் மொட்டை மாடிகளிலும் ஏறி, ஏரியலைத் திருப்பிய அனுபவம் எனக்கு உண்டு. பேராசிரியன் என்ற முறையில் அல்லாமல், நாற்பது ஆண்டுக் காலம் பணம் கட்டிய வாடிக்கையாளன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

ஏரியல் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. ஆனால் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த நமக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. திண்டிவனம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். விழுப்புரம் இன்னும் ஒரு 40 கிலோமீட்டர் தெற்கே. உயரமான குழாயில் ஏரியலைக் கட்டி, வடகிழக்கே முகம் திருப்பி, பூஸ்டர் மாட்டினால் நல்ல நாள்களில் படம் தெரியும். கெட்ட நாள்களில் எறும்பு ஊர்வது போல் புள்ளிகள் தெரியும். கீழே ஒருவர் நின்று, "இன்னும் கொஞ்சம், போதும் போதும், ஐயோ போயிடுச்சு" என்று கத்துவார். மேலே நிற்பவன் பெரும்பாலும் நான்தான்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்படம். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அது தெருவுக்கே பொது. சில கோடை இரவுகளில் மரக்காணம் பக்கத்து நண்பர்களின் பெட்டியில் திடீரென்று இலங்கையின் ரூபவாஹினி தெளிவாக வரும். கடற்பரப்பின் மேல் வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும்போது ஒலிபரப்பு அலைகள் வளைந்து நெடுந்தொலைவு செல்லும் என்று இயற்பியல் ஆசிரியர் பின்னர் விளக்கினார். அன்றைக்கு அது எங்களுக்கு அதிசயமாகவே இருந்தது.

இவற்றிற்கெல்லாம் பின்னே வானத்தில் ஒரு பெரும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1975-76இல் அமெரிக்க நாட்டின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ அதே ஆண்டு செப்டம்பரில் செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் சென்ற இன்சாட்-1பி நிலைத்து நின்றது. அதனால்தான் 1984இல் நாடெங்கும் சிறு ஒளிபரப்புக் கோபுரங்கள் எழ முடிந்தது. டில்லியின் செய்தி ஒரே நேரத்தில் நாடு முழுவதும் தெரிந்தது. ஆனால் நாம் எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதை டில்லியே முடிவு செய்தது. இதை மறந்துவிட்டு அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை.

வாடகை டெக்

அந்த ஒற்றைச் சாளரத்தை உடைத்தது வீடியோ டெக். ஜப்பானில் 1975இல் சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் முறையையும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையையும் கொண்டு வந்தன. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களின் பெட்டிகளில் அவை நம் ஊருக்கு வந்து சேர்ந்தன. வாங்க வசதியற்ற எங்களுக்கு வாடகைக் கடை இருந்தது. ஓர் இரவுக்குக் கலர் டி.வி., டெக், மூன்று காஸெட்டுகள். கடைப்பையன் எல்லாவற்றையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி வருவான். வீட்டுக்கு வீடு பணம் பிரித்து வாடகையைக் கொடுப்போம். தெருவில் பாய் விரித்து, விடியும் வரை மூன்று படங்கள். மூன்றாவது படத்தின்போது விழித்திருந்தவர்கள் நானும் கடைப்பையனும் மட்டுமே.

படம் மங்கினால் 'ஹெட்' அழுக்காகிவிட்டது என்று பொருள். கடைப்பையன் மூடியைக் கழற்றி, ஒரு புதிய ஐந்து ரூபாய்த் தாளை ஸ்பிரிட்டில் நனைத்து மெல்லத் துடைப்பான். படம் பளிச்சென்று வரும். பணத்தின் வேறு பயன் ஒன்றையும் அன்றுதான் கண்டேன்.

இதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. அந்தக் காஸெட்டுகளில் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள். திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்த படமே தெருவில் ஓடியது. திரையரங்கத் தொழிலாளியின் வயிற்றில் அடித்தோம் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை. 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. காஸெட் திருட்டுக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்றும், காஸெட்டின் மேல் தணிக்கைச் சான்று விவரம் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். அதே 1984இல் தமிழ்நாட்டிலும் வீடியோ மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்தது. தேவையான சட்டங்களே. பின்னர் நான் கேட்கப்போகும் உரிமை இந்தத் திருட்டுக்கான உரிமை அன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உடைக்கப்பட்ட நாக்கு

டெக்கின் உண்மையான பெருமை படம் போடுவதில் இல்லை. பதிவு செய்வதில் இருந்தது. வி.எச்.எஸ். காஸெட்டின் முதுகில் ஒரு சிறிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் காஸெட்டின் மீது வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. பின்னர் மனம் மாறினால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும், மறுபடியும் பதியலாம். காப்பதா, அழிப்பதா என்ற முடிவு முழுக்க முழுக்க வீட்டுக்காரருடையது.

1989இல் என் அக்காளின் திருமணம் திண்டிவனத்தில் நடந்தது. வீடியோ எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் விரும்பினர். மூன்று மணி நேரக் காஸெட் ஒன்றில் எல்லாம் அடங்கியது. அதில் ஓரிடத்தில் என் தாயார் வருவார். பந்தலுக்குப் பின்னால் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். காமிரா தம்மை நோக்கித் திரும்பியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய் மாப்பிள்ளையப் புடிப்பா. என்னை ஏன் புடிக்கிற?" என்று விரட்டுவார். அவ்வளவுதான். அன்று அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

காஸெட்டின் நாக்கை யாரும் உடைக்கவில்லை. 1996 மார்ச் 9ஆம் நாள் பெங்களூரில் இந்தியாவும் பாகிஸ்தானும் உலகக் கோப்பைக் காலிறுதியில் மோதின. மாமாவின் தம்பி கைக்குக் கிடைத்த காஸெட்டைச் சொருகிப் பதிவை அழுத்திவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் கிரிக்கெட் ஆகிவிட்டது. நல்லவேளையாக அக்காள் கண்டுபிடித்து நிறுத்தினார். அன்றிரவே காய்கறிக் கத்தியின் முனையால் அந்த நாக்கைத் தம் கையாலேயே உடைத்தார். 1998இல் தாயார் காலமானார். அவரது குரல் இருப்பது அந்தக் காஸெட்டில் மட்டுமே.

வானத்திலிருந்து வந்த வாடகை

1991 ஜனவரியில் வளைகுடாப் போரை அமெரிக்காவின் சி.என்.என். நேரடியாகக் காட்டியதும், அதே ஆண்டு ஆசியாசாட்-1 வழியாக ஸ்டார் டி.வி. வந்ததும் நாட்டில் டிஷ் ஆண்டெனாவைப் பரப்பின. ஆனால் நம் ஊர்களின் வீடுகளைப் பிடித்தது 1993 ஏப்ரல் 14ஆம் நாள் தொடங்கிய சன் டி.வி.தான். அதே ஆண்டு செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டம் ஆயிற்று. கேபிள்காரர் ஒருவர் மாடியில் பெரிய டிஷ்ஷை வைத்து, மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்பு வயரை இழுத்துத் தெரு முழுவதும் கொடுத்தார். மாதக் கடைசியில் அவரே வந்து பணம் வாங்குவார். படம் தெரியவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடலாம். 1995இல் கேபிள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியபின், பெட்டி இல்லாத குடிசை அரிதாயிற்று. 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது.

கேபிளுடன் போட்டியாக வீட்டுக்கு வீடு சிறு டிஷ் வைக்கும் டி.டி.எச். முறை வந்தது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து நேராக நம் மாடிக்கு! நானும் மகிழ்ந்து வாங்கினேன். ஆனால் இதன் அலை நுண்ணலை. மழைத்துளி அதை விழுங்கிவிடும். வானம் கறுத்தால் திரையும் கறுக்கும். புயல் செய்தி தேவைப்படும் இரவில்தான் செய்தி வராது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்வழங்கல் பழுதாகி, அதன் அலைபரப்பிகளில் பாதி நிறுத்தப்பட்டன. எங்கோ வானத்தில் ஒரு சூரியத் தகடு பழுதானால் விழுப்புரத்தில் ஒரு வீட்டின் டிஷ்ஷை வேறு திசைக்குத் திருப்ப ஆள் தேட வேண்டும்! யார் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவது?

2019 பிப்ரவரியில் ட்ராய் ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. விரும்பும் சானலுக்கு மட்டும் பணம் கட்டலாம் என்றார்கள். நல்ல கொள்கை. ஆனால் எதையும் தேர்ந்தெடுக்கும் முன்பே, 100 சானல்களுக்கான இணைப்புக் கட்டணம் 130 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு வரி, ஆக 153 ரூபாய் 40 காசு வரை கட்ட வேண்டியிருந்தது. நான் பட்டியலை அச்செடுத்து, சிவப்பு மையால் குறியிட்டு, இரண்டு மாலைகள் கணக்குப் போட்டேன். இறுதியில் அந்தத் தொகை பழைய தொகைக்கு அருகிலேயே வந்து நின்றது.

நான்கு நிமிடங்கள்

இனி ரசீதின் கதை. 2012இல் பதிவு வசதியுள்ள பெட்டி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். காஸெட் வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும் என்றார்கள். உண்மையிலேயே அருமையான பெட்டி. 2014இல் பன்னிரண்டாம் வகுப்பு படித்த என் மகள் ஒரு சானலில் மாணவர் பட்டிமன்றத்தில் பேசினாள். நான்கு நிமிடங்கள்தான். பதிவு செய்தேன். உறவினர் வரும்போதெல்லாம் போட்டுக் காட்டி, மகளிடம் திட்டும் வாங்கினேன்.

2016இல் பெட்டி நின்றுவிட்டது. வந்த இளைஞர் பரிசோதித்துவிட்டு வேறு பெட்டி தருவதாகச் சொன்னார்.

"தம்பி, இதுல என் மகள் பேசினது இருக்கு. அதை மட்டும் எடுத்துக் கொடுங்க."

"எடுக்க முடியாதுங்க சார். லாக் பண்ணியிருக்கும். இந்தப் பெட்டியில மட்டும்தான் ஓடும்."

"அப்போ இந்தப் பெட்டியையே வச்சுக்கிறேன்."

"பெட்டி கம்பெனியோடது சார். திருப்பி எடுத்துட்டுப் போகணும்."

"நான் பணம் கட்டினேனே?"

"அது பெட்டிக்கு இல்ல சார். சர்வீஸுக்கு."

அந்த இளைஞர் மீது தவறில்லை. மிகவும் மரியாதையாகவே பேசினார். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். ஒரு கடிதமும் எழுதினேன். வருந்துகிறோம் என்ற பதில் வந்தது. ரசீதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சிறிய எழுத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் அச்சிட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

சேற்றிலிருந்து வந்த குரல்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை நம் மாணவர் பலர் நேரில் அனுபவித்தவர்கள். நான் விவரிக்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் அக்காள் வீட்டிலும் நீர் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த புடவைகளோடு காஸெட்டும் ஊறிவிட்டது. நான்கு நாள் கழித்து நான் போனபோது அக்காள் புடவைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. காஸெட்டை ஒரு பாத்திரத்தில் வைத்து என் கையில் கொடுத்தார்.

உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. போடுவதற்குப் பொறி வேண்டுமே! விசாரித்து அலைந்ததில், முன்பு காஸெட் வாடகைக் கடை நடத்தி இப்போது ஃப்ளெக்ஸ் அடிக்கும் ஒருவர் அகப்பட்டார். பழைய டெக் ஒன்றை அவர் விற்காமல் வைத்திருந்தார். அவர் காஸெட்டின் திருகுகளைக் கழற்றினார். அரை அங்குல அகலமுள்ள அந்த நாடாவைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவினார். வெயிலிலும் வைக்காமல், சூட்டிலும் காட்டாமல், மின்விசிறிக் காற்றில் பல நாள் உலர்த்தினார். வேறொரு காஸெட்டின் கூட்டில் அதை மாற்றிச் சுற்றினார். மூன்று மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது 22 நிமிடங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் கிரிக்கெட். பிறகு கோடு கோடாகப் பந்தல். பிறகு அடுப்படி. "என்னை ஏன் புடிக்கிற?"

ஒருமுறை அழிக்கப்பட்டு, முப்பத்தைந்து ஆண்டு பூசணம் பிடித்து, வெள்ளத்தில் ஊறிய நாடா என் தாயின் குரலைத் திருப்பித் தந்தது. நன்றாக இருந்த நிலையில் திருப்பிக் கொடுத்த பெட்டி என் மகளின் குரலைத் தரவில்லை. இங்கு வேறுபாடு பொறியில் இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்பதிலேதான் இருக்கிறது.

மறுப்பும் விடையும்

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர், "பதிவு செய்வதே திருட்டுக்கு வழி, நிறுவனங்கள் பூட்டுவது நியாயம்" என்பர். இந்த வழக்கு புதியதன்று. அமெரிக்காவில் திரைப்பட நிறுவனங்கள் பீட்டாமாக்ஸை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரி 17ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் பதிந்து வேறு நேரத்தில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் தன் 52ஆம் பிரிவில், சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகைக்கு இடம் தருகிறது. விற்பவனைத் தண்டியுங்கள். மகளின் பேச்சை வைத்துக்கொள்ள விரும்பும் தகப்பனையும் அவனோடு ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

வேறு சிலர், "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, வீட்டில் எதற்கு?" என்பர். ஒளிபரப்பு நிலையங்கள்தாம் எல்லாவற்றையும் காத்து வைக்கும் என்று அன்றும் நம்பினார்கள். நாடா விலை அதிகம் என்பதால் நிலையங்களே பழைய நிகழ்ச்சிகளின் மேல் புதியவற்றைப் பதிந்தன. புகழ்பெற்ற பி.பி.சி. நிறுவனமே தன் 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளை அழித்துவிட்டு, இன்று உலகெங்கும் தேடுகிறது. அழிந்த பகுதிகளின் ஒலியாவது மிஞ்சியிருப்பது, வீட்டில் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்த ரசிகர்களால்தான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, 1970களின் இறுதி முதல் 2012இல் தாம் மறையும் வரை, தொலைக்காட்சிச் செய்திகளை வீட்டிலேயே பதிவு செய்துவந்தார். ஏறத்தாழ 70,000 காஸெட்டுகள்! அண்டை அயலார் என்ன நினைத்திருப்பார்களோ, இன்று அது ஆய்வாளருக்குக் கருவூலம். வரலாற்று மாணவனுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, சட்டம் செய்வோருக்கு. பணம் கட்டிய காலத்தில் வாடிக்கையாளர் பதிந்துகொண்டதை, இணைப்பு முடிந்த பின்னும் பெட்டி மாறிய பின்னும் அவர் பார்க்க வழி இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்துக்கும் பயன்பட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ட்ராய் ஆணையமே பரிந்துரைத்தது. பெட்டிக்குச் சொன்ன நியாயம் பதிவுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, நம் கல்லூரிக்கு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வீடுகளின் பரண்களில் ஆயிரக்கணக்கான திருமண, காதணி விழா, தெருக்கூத்து, பள்ளி ஆண்டு விழாக் காஸெட்டுகள் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. 1980களில் நம் மக்கள் எப்படிப் பேசினார்கள், எப்படிப் பந்தி பரிமாறினார்கள், எந்தப் புடவை கட்டினார்கள் என்பதற்கு அவற்றினும் நேர்மையான ஆவணம் இல்லை. ஓடும் நிலையில் உள்ள ஒரு டெக்கையும் ஒரு கணிப்பொறியையும் நூலகத்தில் வைத்தால், உரியவரின் இசைவுடன் அவற்றைப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். செலவு அதிகமன்று, காலம்தான் குறைவு. நாடாவும் அழிகிறது, டெக்கைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் முதுமை அடைகிறார்கள். நான் ஓய்வு பெறுவதற்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. என் 22 நிமிடங்களை முதல் பிரதியாகத் தரச் சித்தமாக இருக்கிறேன். அக்காளிடம் அனுமதியும் பெற்றுவிட்டேன்.

மூன்றாவது, மாணவ நண்பர்களே, உங்களுக்கு. உங்கள் தாத்தா பாட்டியின் குரல் இப்போது உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. அதாவது, கடவுச்சொல் நினைவிருக்கும் வரை, நிறுவனம் நிலைக்கும் வரை, கட்டணம் கட்டும் வரை இருக்கிறது. அதை உங்கள் சொந்தப் பொருள் ஒன்றில் பிரதி எடுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று தரைத்தளத்தில் இருந்தால் மற்றொன்று மாடியில் இருக்கட்டும். நம் மாவட்டத்துக்கு அது தெரியும். எந்தப் பெட்டியை வாங்கும்போதும், எத்தனை சானல் வரும் என்று கேட்கும் முன், நான் வைத்துக்கொள்ளக்கூடியது எது என்று கேளுங்கள். ரசீதின் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

என் மகளிடம் அந்த நான்கு நிமிடத்தில் என்ன பேசினாய் என்று அண்மையில் கேட்டேன். "மறந்துபோச்சுப்பா. நீங்கதான் நூறு தடவை பார்த்தீங்களே, உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள். எனக்கும் நினைவில்லை. அவள் கையை ஆட்டிய விதம் மட்டும் நினைவிருக்கிறது.